எழுபது சொற்களுக்குள்

ஓஷ்கோஷ் நகரத்துப் பந்துருட்டு அரங்கில்
மார்ச் மாதப் பொம்மைச் சந்தை.
வெளியே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
உள்ளே நாற்பது மேசைகள்.
காபி வாசனை, பழைய நைலான் கூந்தலின் வாசனை.

நான் வாங்க வரவில்லை.
இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால்
இங்கே நிற்பவர்களில் பாதிப் பேருக்கு
(பொம்மைகளைச் சொல்கிறேன்)
பிறந்த ஊரும் பிடித்த பலகாரமும் கொடுத்தவள் நான்.
பெட்டிக்குள் ஓர் அட்டை வருமே, அது.
அட்டைக்கு நாற்பது டாலர்.
எழுபது சொற்களைத் தாண்டக் கூடாது.
ஒரு பொழுதுபோக்கு. ஒரு பயம், சின்னதாக.
மதம் வேண்டாம்.
யாரும் சாகக் கூடாது.

ஒட்டிலீயை ஒரு வியாழக்கிழமை எழுதினேன்.
கலங்கரை விளக்கக் காவலரின் மகள்,
அக்கார்டியன் வாசிப்பாள், இடி என்றால் பயம்.
அன்று ஜன்னலுக்கு வெளியே இடித்துக்கொண்டிருந்தது,
வேறு காரணமில்லை.
அம்மாவை ஏரி கொண்டுபோனது என்று முடித்திருந்தேன்.
மேலாளர் ப்ரூஸ்கி சிவப்பு மையால் அடித்து,
'அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள்' என்றார்.
சொற்கணக்கு உதைக்கவில்லை.
அம்மா இன்னும் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள்.

முதல் மேசையில் ஆர்டிஸ் க்வாமென்
ஒட்டிலீயைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள்.
பிடரியில் அச்சு எண், முழங்கையின் இறுக்கம்,
இமை இரண்டும் ஒன்றாய் மூடுகின்றனவா.
தானமாய் வந்த மாடு இல்லையே,
பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும்.
'கதை படித்தீர்களா?' என்றேன்.
'எந்தக் கதை?' என்றாள், மரியாதையாகத்தான்.
பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
தானாகவே சொன்னாள்:
'இவளை ஜன்னல் பக்கம் வைக்கவே மாட்டேன்.'
எனக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.
'இடிக்கா?'
'வெயிலுக்கு. உதட்டுச் சாயம் வெளுத்துவிடும்.'

லைல் தொர்சனிடம் இருநூறு அட்டைகள்,
ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடித்தாள் உறையில்.
ஒன்றைக்கூடப் படித்ததில்லை.
'எடுத்தால் முனை மடங்கும்.
மடங்காத அட்டைக்குப் பதினைந்து டாலர் கூடுதல்.'
என் வாழ்நாளில் என் எழுத்தை
இவ்வளவு பத்திரமாக வைத்த ஆள் வேறு யாருமில்லை.

கூந்தலை மழித்து, புருவம் மாற்றி வரைந்து,
இடுப்பில் கத்தி செருகிய ஒட்டிலீயை
பிரின்னா என்கிற பெண் மடியில் வைத்திருந்தாள்.
'இவன் இப்போது ஹூகோ. கடற்கொள்ளையன்.
அந்த அட்டை ஒன்றும் மோசமில்லை,
ஆனால் முழுக்க நிரப்பிவிட்டார்கள்.
நான் எங்கே உட்கார்வது?'
நியாயம்தான் என்று சொன்னேன்.
கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

கடைசி மேசை கழிப்பறைக்குப் பக்கத்தில்.
விற்பவருக்கு ஜலதோஷம்.
சட்டையில் சாறு கொட்டிய ஒட்டிலீ,
ஒரு செருப்பு இல்லை.
அட்டை இருந்தது, அதுவும் பழுதுதான்,
'குழந்தை கிறுக்கியிருக்கிறது,
அழிப்பானால் தேய்த்தும் போகவில்லை,
ஐந்து டாலர் குறைத்துக்கொள்கிறேன்' என்றார்.

சித்தி வீட்டு வரிக்கு அடியில்
பென்சில் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி
இரண்டு முறை கோடு.
பக்கத்தில், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாய்,
இரண்டே எழுத்து:
பொய்.

அட்டை மட்டும் போதும் என்றேன்.
'அட்டை இல்லாவிட்டால் பொம்மைக்கு மதிப்பு இறங்குமே'
என்று மூக்கைச் சிந்தினார்.
பேரம் பேசவில்லை. முழு விலை கொடுத்தேன்.
ஒட்டிலீ அங்கேயே உட்கார்ந்திருந்தாள்,
ஒற்றைச் செருப்போடு.

வண்டியில் ஏறி, வெப்பம் வரும்வரை
படித்துக்கொண்டிருந்தேன்.
எழுபத்தொரு சொற்கள்.