பத்து வரை

மதுரைப் பெரியாஸ்பத்திரியில்
ஜெயராக்கினி சிஸ்டர் முதலில் சொன்னது:
குழாய் உள்ளே போகும்போது
உன் மூச்சைப் பிடிச்சுக்க.
உனக்கு முட்டும்போது பிள்ளைக்கும் முட்டும்.
வெளியே எடுத்துரு.

பிடித்துக்கொண்டேன்.
டம்ளர் அடியில் மிச்ச சர்பத்தை உறிஞ்சுவதுபோல
சளி வரும் சத்தம்.
எனக்கு முட்டவில்லை.
நம்புவேலின் உதடு நீலம் பாரித்தது.
மானிட்டர் கத்தியது.
சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டார்.

"என்ன வேலை பாக்குற நீ?"

பாசி எடுக்குறேன் சிஸ்டர்.
பாம்பன் பக்கம், சின்னப்பாலம்.
பாருக்கு மேலே வத்தையை நிறுத்தி
கண்ணாடி மாட்டி, விரலுக்குத் துணி சுற்றி
முருகைக்கல்லைப் பிடித்துக்கொண்டு
கை நிறைந்த பிறகுதான் மேலே வருவேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
"அப்ப உன் மூச்சு இதுக்கு ஆகாது.
பத்து எண்ணு."

பதினோரு வயதில் அடக்கப் பழகிய மூச்சு.
என் அளவு அடக்க ஊரில் ஆளில்லை என்று
பெருமை வேறு.

நாற்பத்தாறு நாள்.
கழுத்தில் ஓட்டை போட்ட பொம்மை ஒன்றைத் தந்தார்கள்.
அது செத்துச் செத்துப் பிழைத்தது என் கையில்.
நாடா கட்டினால் ஒரு விரல் நுழைய வேண்டுமாம்.
யார் விரல் என்று கேட்டேன்.
என்னுடையது கல்லில் தேய்ந்து தடித்தது.
சுண்டுவிரலை வச்சுக்க என்றார்.

பக்கத்துக் கட்டில் அல்லிராணிக்குப் பரமக்குடி.
மகளுக்குக் குழாய் மாற்றும் நாளில்
வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பாள்.
வீட்டுக்காரர்தான் மாற்றுவார்.
லாரி ஓட்டுகிறவர். கை நடுங்காது.
முடிந்ததும் இரண்டு டீ வாங்கி வருவார்,
ஒன்று எனக்கு.

வீட்டில்
மெஷின் அரிசி டிரம்மின் மேல்.
காலால் மிதிக்கும் பம்பு கட்டிலுக்கு அடியில்,
கரண்ட் போகும் ராத்திரிக்கு.
ஒரு சைஸ் சின்னக் குழாய்
சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில்,
யார் ஓடிவந்தாலும் கண்ணில் படுகிற இடத்தில்.

கச்சான் அடிக்கும் மாதங்களில்
மணல் சோற்றில் இருக்கும்
காதில் இருக்கும்
பாயைத் தட்டினால் ஒரு கொட்டாங்கச்சி மணல் விழும்.
அவன் கழுத்தில் மட்டும் இருக்கக் கூடாது.
கதவிடுக்கில் ஈரச்சேலையைத் திணிக்கிறேன்.
காய்கிறது. மறுபடி நனைக்கிறேன்.

அழுதால் கேட்காது.
வாய் திறந்திருக்கும், முகம் சிவந்திருக்கும்,
சத்தத்தைக் குறைத்துவைத்த டிவி மாதிரி.
அதனால் காலில் கொலுசு.
பையனுக்கா என்றார்கள்.
பையனுக்குத்தான்.
அவன் உதைத்தால் நான் எழுவேன்.

குளிப்பாட்டும்போது தண்ணீர் நெஞ்சுக்கு மேல் ஏறக் கூடாது.
கடலடியில் போய் வருகிறவள்
ஒரு செம்புத் தண்ணீருக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து
அவன் அப்பா சொன்னார், நான் பாத்துக்குறேன், நீ போ.
கடன் இருந்தது. போனேன்.
தண்ணீர் தெளிவாக இருந்தது.
பாசி ஆள் கை படாமல் அடர்ந்து கிடந்தது.
குனிந்து பிடித்தேன், ஒன்று, இரண்டு என்று
யாரும் கேட்காமலே உள்ளே எண்ணிக்கை ஓட
பத்தில் மேலே இருந்தேன்.
பாதிக் கை பாசி.
"என்னடி, மேலுக்குச் சரியில்லையா?" என்றாள் பூமாரி
வத்தையின் மறுபக்கத்திலிருந்து.
மறுபடி முங்கினேன். மறுபடி பத்து.
அன்று என் சாக்கு
புதிதாய் வந்த பெண்ணின் சாக்கைவிடச் சிறியது.

திரும்பும்போது வாசலில் அவர் நின்றிருந்தார்.
வயிறு கலங்கியது.
"வா, வா, இதக் கேளு."
நம்புவேல் என்னைப் பார்த்தான்.
தாடையைக் கீழே இறக்கி
குழாயின் வாயை அதால் அடைத்தான்.
எங்கிருந்தோ ஒரு சத்தம்,
கதவுக் கீல் மாதிரி,
"ஏ."

இரண்டரை வயது. இதை யாரும் சொல்லித்தரவில்லை.
கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
பாசி வாடை போகவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்து
மறுபடி சொல்லுடா என்றேன்.

சளிதான் வந்தது.