அரைப் பேர்

மாதிரி எண் நாற்பத்தொன்று.
மூடியில் ஒட்டிய பிளாஸ்டரில் பேனாக் கிறுக்கல்:
தெய்வகனி, கீழ்ப்பிரிவு, ஆறாம் லயம்.
மஸ்கெலியாவிலிருந்து பேராதனைக்கு
ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்தது,
படிக்கவென்று நான் ஏறி வந்த அதே பஸ்ஸில்.

கண்ணாடித் தட்டில் முட்டைகள்.
மெல்லிய ஓடு, உள்ளே நான்கைந்து திரள்.
எல்லாக் கொளுக்கிப்புழு முட்டையும் இப்படித்தான்.
மனிசனுடையதா நாயினுடையதா
லென்ஸுக்குத் தெரியாது.

டிஸ்பென்சரியில் வருஷம் ஒரு தடவை
மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கினாள்.
மறுவருஷமும் வெளிறித்தான் இருந்தாள்.
கீழிமையை இழுத்துப் பார்த்த மிட்வைஃப்
கீரை தின்னச் சொன்னாள்.
கங்காணி தராசைப் பார்த்தார்.
பதினொரு கிலோ.
அரைப் பேர்.

வெளியே கடிக்கிற அட்டைக்கு
சவுக்காரம் பூசிக்கொள்ளத் தெரியும் அவளுக்கு.
இதுவோ உள்ளங்கால் வழி ஏறி
ரத்தத்தோடு நடந்து, நெஞ்சைக் கடந்து
குடலில் குடித்தனம் வைத்துவிட்டது.

இயந்திரம் முப்பத்தைந்து முறை
சூடாகிக் குளிர வேண்டும்.
இருபதில் கரண்ட் போனது. முதல் தட்டு வீண்.
மறுபடி தொடங்கி, ராத்திரி ஒன்பது மணிக்கு
ஜெல்லில் பட்டை விழுந்த இடம்
நான் எதிர்பார்த்த இடமில்லை.
நாய்ப்புழு.
ஆறாம் லயத்து வாசலில் சுருண்டு கிடக்கும்
சூட்டியின் வயிற்றிலும் அதே நாலெழுத்து ஜாதகம்,
ஓர் எழுத்தும் பிசகாமல்.

புத்தகத்தில் இந்தப் புழுவின் பேருக்குள்
சிலோன் இருக்கிறது.
நூறு வருஷத்துக்கு முன்பே
லத்தீனில் பதிந்து கொடுத்த பிரஜாவுரிமை.
அந்தத் தாளுக்காகக் கச்சேரி வாசலில்
தெய்வகனியின் தகப்பனுக்கு
எத்தனை நாள் பேர் போனதென்று நான் கேட்கவில்லை.
என் தகப்பனுக்கு எத்தனை என்று தெரியும்.

போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும்.
பிறகு,
"அப்ப சூட்டிய அடிச்சுப் போட்டுருவாங்களா, மிஸ்?"

இல்லை என்றேன்.
அதற்கும் மாத்திரை கேட்டு எழுதப்போகிறேன் என்றேன்.

"சும்மா குடுத்தா துப்பிரும்.
ரொட்டிக்குள்ள வச்சுத்தான் குடுக்கணும்.
அதையும் சேத்து எழுதுங்க.
நாளைக்கி பத்தாம் நம்பர் மலை, வெள்ளன போகணும்,
வச்சிர்றேன்."

எழுதியிருக்கிறேன்.
அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்,
அட்டவணைக்கும் கையெழுத்துக்கும் நடுவே,
ரொட்டிக்குள் வைத்து.