இடது மூலை

முனீஸ்வரன் கோவில் தெருவில் எனக்கு வேலை,
பழைய சாமான்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுவது.
தேக்குத் தூணை விரல்முட்டியால் தட்டுவேன்.
கணீரென்றால் ஒரு தொகை,
பொத்தென்றால் வேறு தொகை,
விரிசல் இருந்தால் முதலாளியைக் கூப்பிட வேண்டும்.

பீங்கான் ஜாடி ஒன்றுக்கு
வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான்
செல்போனில் உன்னை ஏலம் விட்டார்கள், சேவுகா.
பத்து லட்சத்தில் தொடங்கியது.
பதினான்கு. பதினெட்டு.
கோட்டு போட்ட ஒருவர் தண்ணீர் குடித்தார்.
அவர் குடித்து முடிக்கும்வரை உன் விலை நின்றது.
பிறகு முப்பத்தொன்று.
சுத்தியலால் தட்டினார்கள்.
சத்தம் எப்படி என்று கேட்கவில்லை,
கைத்தட்டலில் அமுங்கிவிட்டது.

நம் கோவிலில் எலுமிச்சம்பழம் ஏலம் போகும்.
நாற்பதாயிரத்துக்கு எடுத்த பழத்தை யாரும் பிழிவதில்லை,
பூஜை அலமாரியில் கறுத்துக் கல்லாகும்.
கடையில் எல்லோருக்கும் அன்று சர்பத் வாங்கினேன்.
இரண்டு பழம் கூடுதலாகப் பிழியச் சொன்னேன்.

சந்தோஷம்தான், பொய்யில்லை.
உன் அக்கா வளையல் நான்கு வருடமாகப்
பள்ளத்தூர் அடகுக்கடையில் கிடந்தது
எனக்குத் தெரியாதா?
பணத்தைப் பழிக்கிறவன்
ஒருநாளும் வட்டி கட்டியிருக்க மாட்டான்.

நம்மிடமும் பணம் இருந்தது.
புதுவயல் ஆட்டத்தில் முதல் பரிசு
பத்தாயிரத்து ஒன்று.
அரிசி ஆலை வாசலில், லாரி வெளிச்சத்தில்,
ஏழு பேர் பங்கு போட்டோம்.
தலைக்கு ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு,
மீதி ஐந்து.
அந்த ஐந்து ரூபாய்க்கு நீயும் நானும்
பேருந்து வரும்வரை சண்டை.
யாரோ பீடி வாங்கி முடித்துவைத்தான்.

தொலைக்காட்சியில் உன் முதுகில் எஸ். ராஜ் என்றிருந்தது.
சேவுகனை எடுத்துவிட்டார்கள்,
துணியில் விளம்பரத்துக்கு இடம் வேண்டுமே.
நெஞ்சில் சிமெண்ட், தோளில் ஜட்டி கம்பெனி.
உன் வலது கைக்குள் என் இடது கை இருந்த இடத்தில்
ஓர் ஈரான்காரன் கை.
அவனுக்கு நம் கணக்குத் தெரியுமா?
ஒருமுறை அழுத்தினால் கால், பிடி.
இருமுறை என்றால் பொறு, இன்னும் உள்ளே வரட்டும்.

பங்குனித் திருவிழாவுக்கு வந்தாய்,
விளையாட அல்ல.
ஊர் ஆட்டத்தில் இறங்கக்கூடாதென்று
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறதாம்.
செம்மண்ணுக்கு வெளியே சிறப்பு விருந்தினர் நாற்காலி,
அழுக்குப் படாத வெள்ளை ஷூ.
நம் பையன்கள் பிடியைத் தவறவிட்டபோதெல்லாம்
உட்கார்ந்தபடியே உன் தொடை துள்ளியது.
மைக்கில் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்,
யாரும் கவனிக்கவில்லை.
பரிசுக் கவர் கொடுக்கையில் என் கையைப் பிடித்தாய்.
இருமுறை அழுத்தினாய்.
எதற்காகப் பொறுக்க என்று கேட்பதற்குள்
'இங்க பாருங்கண்ணே' என்றான் போட்டோக்காரன்.

கார்த்திகையில் முழங்கால் போனது.
ஐதராபாத்தில், நேரலையில், மூன்று கோணங்களில்,
மெதுவாக ஒருதரம், இன்னும் மெதுவாக ஒருதரம்,
இடையில் குளிர்பானம்.

மறு ஏலத்தில் உன் பெயரைப் படித்தார்கள்.
யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
எட்டு வினாடி.
அடுத்த பெயர்.

நேற்று கடைக்கு வந்தாய்.
படியில் இடது கால் தாமதித்தது.
என் விரல்முட்டி தானாக மடங்கியது,
பாழாய்ப்போன பழக்கம்,
கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

உட்காரச் சொல்லலாம் என்று திரும்பினால்
விலைச்சீட்டு இல்லாத நாற்காலி
கடையில் ஒன்றுகூட இல்லை.
ரங்கூன் நாற்காலி ஒன்றில் பிய்த்துப் பார்த்தேன்.
பாதிதான் வந்தது.
நானே காய்ச்சிய பசை.

உட்காருடா என்றேன்,
முதலாளி மதுரைக்குப் போயிருக்கிறார்.