பச்சை மை

எங்கள் தொழிற்சாலை வாசல் பலகையில்
'பச்சை இலை, இன்றைய விலை' என்று பெயிண்டில் எழுதி
பக்கத்தில் இடம் விட்டிருக்கும்.
அங்கே சாக்பீஸால் எண் போடுவது என் வேலை.

கொழுந்து கறுத்துத் தூளாகும்வரை அதைப் பச்சை என்கிறோம்.
நிறத்துக்காக இல்லை.
வாடாதது, வேகாதது, இன்னும் நெருப்பைப் பார்க்காதது.
பச்சரிசி வெள்ளைதானே.
கோத்தகிரித் தைமாதக் குழாயில் வரும் பச்சைத்தண்ணீரில்
கை வைத்தால், விரல்தான் நிறம் மாறும்.

தங்கை தவமலர் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்.
பச்சை உடம்பு, பனியில் இறங்காதே என்கிறார்கள்.
பக்கத்தில் கிடப்பது பச்சைமண்:
சிவந்து, தோலுரிந்து, கை மூடி,
ஒரு துளிகூடப் பச்சையில்லாமல்.

அதனால் அதன் காகிதங்களோடு நான் கிளம்பினேன்.
பேருந்தில் ஈரோட்டுக்காரர் ஒருவர்
சன்னலைத் துடைத்துத் துடைத்து
'பச்சைப்பசேல்னு என்னா இயற்கை!' என்றார் மனைவியிடம்.
வெளியே, இடுப்பளவில் கவாத்து செய்த செடிகள்
ரேஷன் கடை வரிசைபோல.
சோலையை வெட்டி, புல்லைப் பிடுங்கி நட்டவை.
பச்சைப் பொய் என்ற சொல்லை
இந்தச் சரிவைப் பார்த்துத்தான் யாரோ
முதலில் சொல்லியிருக்க வேண்டும்.
அந்தப் பொய்தான் எனக்குச் சோறு போடுகிறது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பசு என்பது வேராம். மாடு இல்லை, நிறம்.
அதிலிருந்துதான் குளத்துப் பாசி,
பைங்கிளி,
பிரிந்தவள் தோளில் ஊரும் பசலை.
பசலை பச்சையா மஞ்சளா என்று
பத்தாம் வகுப்பில் சண்டை போட்டோம்,
பிரிவதற்கு எங்களில் ஒருத்திக்கும் ஆளில்லை அப்போது.
பசப்பு என்றால் அந்த நிறம் பாய்வது;
ஆசை காட்டி ஏய்ப்பதும் பசப்புதான்.
ஒரே சொல்லில் அவளும் அவனும்
குடியிருக்கிறார்கள், தனித்தனி அடுப்பு வைத்து.

என் முழங்கைக்குக் கீழே ஒரு பெயர்
பச்சை குத்தியிருக்கிறது.
நீலமால்ல இருக்கு, என்று கேட்டதற்கு
'பச்சைன்னுதான் பேரு' என்றாள் குத்தினவள்
ஊசியைத் துடைத்துக்கொண்டே.
இப்போது முழுக்கைச் சட்டை போடுகிறேன்.
குளிருக்கு.

அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார்.
முத்திரை இருந்தது. மை அட்டை இருந்தது.
பச்சைப் பேனா தீர்ந்துபோயிருந்தது.
நீலத்தில் போடலாமே என்றேன்.
பியூன் ஆல்துரை சிரித்தார்:
'நீலத்துல யாரு வேணா போடலாம்மா.'
நீலகிரியில்
நீலத்துக்கு இவ்வளவுதான் மதிப்பு.

மார்க்கெட்டுக்கு ஏறிப்போய்
பத்து ரூபாய்க்கு ஒரு பச்சைப் பேனா வாங்கி வந்தேன்.
அவர் கிறுக்கினார். பிள்ளை பிறந்தது உண்மையானது.
பேனாவைத் தன் பையில் செருகிக்கொண்டார்.
'சார், அது என்னுது.'
என் குரல் எனக்கே பச்சையாகக் கேட்டது,
சொல்லக்கூடாத ஏதோ ஒன்றைச்
சொல்லிவிட்டதைப்போல.
கொடுத்துவிட்டார்.

மூன்று மணிக்கு மழை.
ஈரச் சாக்குகள் தராசுக்கு வரிசையாக வந்தன.
ஈரமென்றால் நூற்றுக்குப் பத்து கழி,
அது நிர்வாகம் சொன்னது.
கால்நடையாக வந்த பெள்ளி
தலையிலிருந்து சாக்கை இறக்கினாள்,
கழுத்துவழியே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
பேனா தேடிய கைக்கு அதுதான் அகப்பட்டது.
பெள்ளி, முப்பத்தெட்டு கிலோ.

மேஸ்திரி ஜெயசீலன் எட்டிப் பார்த்தார்.
'பச்சையில எழுத நீ என்ன ஆபீசரா?'
'பச்சை இலைதானே அண்ணே' என்றேன்.
சிரித்துவிட்டுப் போனார். நிறத்தைத்தான் பார்த்தார்,
பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீர்க் கழிவு என்று தலைப்பிட்ட அந்தக் கட்டத்தில்
கடைசிச் சாக்கு வரை
நான் ஒன்றும் எழுதவில்லை.