ரேகை இல்லாத கட்டைவிரல்கள்

பர்கூரில் சாமிகள் வந்து விழுந்த வருஷம்
ஸ்டேஷனில் தனி ரிஜிஸ்டர் போட்டோம்.
இன்றைக்குத்தான் அதில் முதல் கொலை.

இறந்தவர் பாறைமுனி.
மலை இழந்தபின்
கிரானைட் பட்டறையில் இரவுக் காவல்.
தோளிலிருந்து இடுப்புவரை ஒரே வெட்டு,
நூல் பிடித்தாற்போல்.
ரத்தம் இல்லை. வெட்டுவாய்
பாலிஷ் போட்டு மின்னியது;
குனிந்த இன்ஸ்பெக்டர் கெம்பம்மா
அதில் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தார்.

பட்டறை ரம்பம் மூன்று நாளாய் ஓடவில்லை.
"வெட்டு இங்க விழல, ஏட்டு" என்றார்.
ஜீப் அவருடைய மலைக்குப் போனது.
மலை பாதிதான் இருந்தது,
தோளிலிருந்து இடுப்புவரை.

குத்தகைப் பத்திரத்தில் வாரிசுகள் ஏழு பேர்,
ஏழும் கைநாட்டு.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்:
ஒன்றிலும் ரேகை இல்லை,
கூழாங்கல்லை மையில் தொட்டு
ஒற்றியதுபோல.

ஏழு கன்னிமாரும் மாங்கூழ் கம்பெனியில்
கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
முழங்கை வரை மஞ்சள்.
மூத்தவள் மறுக்கவில்லை.
"அட்வான்ஸ் அம்பதாயிரம் கேக்கறான் மேடம்.
சாமியா இருந்தவங்களுக்கு
எவன் சும்மா வீடு தர்றான்?"
கடைசிக்காரி மட்டும் கேட்டாள்:
"அண்ணனுக்கு வலிச்சிருக்குமா?"

விலங்கு எடுக்கப் போனேன்.
கெம்பம்மா பத்திரத்தைத் திருப்பினார்.
பின்பக்கம் எட்டாவது கைநாட்டு.
அதிலும் ரேகை இல்லை,
ஓரமெல்லாம் கல்தூசி.
பக்கத்தில் 'சாட்சி' என்று எழுதியிருந்தது.

மணி இரண்டு.
'கொன்றவர்' என்ற கட்டத்தில்
பேனாவை ஊன்றியபடி இருக்கிறேன்.
ஹைவேயில் ஒரு லாரி
யாருடைய தோளையோ தார்ப்பாய் போர்த்தி
துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறது.