டொக்டர் வருகிற நாள்

அமலி, நாளைக்கு அந்த டொக்டர் வரும்போது
காரை எதிர்பார்த்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்காதே.
பழைய மோட்டார் சைக்கிள், பின்னால் தகரப் பெட்டி.
பீலி வளைவில் கட்டாயம் நின்றுவிடும்.
தள்ளிக்கொண்டுதான் வருவார்.
பெயர் சிஃபாயா. அக்குறணைப் பக்கம்.
நனைந்த மழைக்கோட்டை
உங்கள் இஸ்தோப்புக் கொடியில்
கேட்காமலே காயப்போடுவார்.

வந்ததும் மாட்டைத் தொடுவார் என்று நினைக்காதே.
நான் அப்படித்தான் நினைத்தேன்.
ரோமியோவைக் குளிப்பாட்டித் துவட்டி
சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அவர் வாசலில் குந்திவிட்டார்.
கால்மணி நேரம்.
அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.
அவன்தான் கடைசியில்
பின்னங்காலை இழுத்துக்கொண்டு போய்
அவர் சப்பாத்தை மோந்தான்.
'இப்ப சரி' என்றார்.

கேள்வி நிறைய இருக்கும்.
எந்த மலையில் புல் அறுக்கிறாய்,
அங்கே களைக்கு மருந்து அடித்து எத்தனை நாள்,
வெள்ளச்சி ராத்திரி
எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறாள்.
சாணத்தைக் கேட்பார்.
கங்காணி கொழுந்தில் முற்றல் தேடுகிற மாதிரி
குச்சியால் பிரித்துப் பார்ப்பார்.
தவிட்டைக் குறைத்ததை மறைக்காதே.
பேர் சரியாக விழாத மாதத்தில்
யார் வீட்டில்தான் தவிடு குறையவில்லை?

என்னிடம் கேட்டது வேறு.
'இந்த வீட்டில் ராத்திரி தூங்காதது யார்?'
நாய்க்குத்தானே வருத்தம், எனக்கெதற்கு இது என்று
அடுப்படிக்குப் போய்விட்டேன்.
மகள் சொல்லிவிட்டாள்.
அம்மாதான்.
கொழும்பிலிருந்து அப்பா
போன் எடுக்காமல் விட்டதிலிருந்து.
அம்மா எழும்பி நடந்தால்
ரோமியோவும் எழும்பி நடக்கும்,
அந்தக் காலோடு.
எத்தனை தடவை என்று கேட்டார்.
அவள் விரல் மடக்கி எண்ணுவது
புகைக்குள்ளிருந்து எனக்குத் தெரிந்தது.
இரண்டு கையும் தேவைப்பட்டது.

பிறகு ஊசி. மருந்து ஏற்றுகிற ஊசி இல்லை,
மயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு.
இடுப்பைச் சுற்றி ஒன்பது.
முதல் ஊசிக்குச் சிலிர்த்தான்.
ஐந்தாவதில் கொட்டாவி.
அப்புறம் குறட்டை விட்டான் அமலி,
லயமே வந்து எட்டிப் பார்த்தது.
ஹட்டனில் கொடுத்த குளிசையை நிறுத்தாதே என்றார்.
சீமெந்துத் தரை வழுக்காமல்
சாக்கு விரிக்கச் சொன்னார்.
எனக்கு ஒரு மருந்தும் தரவில்லை.
'நீங்க படுத்தா அது படுக்கும்.'
அவ்வளவுதான்.

அன்றிரவு நாய்க்காகப் படுத்தேன்.
பொய்யாகத்தான் கண்ணை மூடினேன்.
சாக்கில் அவன் மூச்சு
போகிறதா வருகிறதா என்று கேட்டுக்கொண்டு...
எந்த இடத்தில் பொய் விட்டுப்போனதோ.
முழிக்கும்போது
பிரட்டுக்கு எல்லாரும் போய்விட்டிருந்தார்கள்.
அன்றைக்கு எனக்கு அரைப் பேர்.

வெள்ளச்சிக்கு வயசிருக்கிறது, எழும்பிவிடுவாள்.
ரோமியோவுக்குப் பதினாலு.
மூன்றாம் தடவை வந்தபோது
டொக்டர் பெட்டியைத் திறக்கவில்லை.
அவன் நெஞ்சில் கையை வைத்தபடி
தேத்தண்ணி ஆறும்வரை இருந்தார்.
'நோகாமல் பார்த்துக்கலாம்' என்றார்.
எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.
பதினொரு நாள்.
சாக்கு இன்னும் அங்கேதான் கிடக்கிறது,
இரவில் எழும்பினால்
காலில் படுகிறது, திரும்பிப் படுத்துவிடுகிறேன்.

காசு ஆயிரத்து ஐந்நூறு. குறைந்தால் சொல்,
தோட்டத்துக் கீரை ஒரு கட்டும்
முறித்த பீர்க்கங்காயும் வாங்கிக்கொள்வார்.
ரொட்டிக்குச் சம்பல் உறைப்பாக அரை.
மழைக்கோட்டை மறந்துவிட்டுப் போவார்,
வளைவுவரை எடுத்துக்கொண்டு ஓடு.
வண்டி அங்கேதான் நிற்கும்.
இறக்கம்தானே,
பின்னால் கை வைத்து
கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும்.