வண்டவாளம்

குண்டு போன பிறகுதான் என் வேலை.
அதற்கு முன் டெல்பர்ட் நீளக் கழியோடு போய்
மின்தேக்கிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு
மிச்சமிருப்பதைத் தரைக்கு இறக்கி
"செத்துப்போச்சு" என்று கையெழுத்துப் போட வேண்டும்.
நாற்பது நிமிடம்.
அதுவரை கொட்டகைக்கு வெளியே
பொட்டோமாக் ஆற்றைப் பார்த்து நிற்பேன்.

ஆற்றில் ஹோபார்ட்டின் நண்டுப் படகு,
சிவப்புக் கொடி இறங்கக் காத்திருக்கும்.
வானொலியில் அவன் குரல்:
"சுட்டாச்சா, இன்னும் இருக்கா?
கூண்டுக்குள்ள நண்டெல்லாம்
ஒண்ணை ஒண்ணு தின்னு முடிச்சிரும் போல."

வெடிமருந்தே இல்லாத பீரங்கி
என்று விருந்தாளிகளுக்குச் சொல்வார்கள்.
பிறகு வாயில் ஏன் அத்தனை நெருப்பு
என்று யாராவது தவறாமல் கேட்பார்கள்.
அலுமினியம், ஐயா.
குண்டை முதுகில் தள்ளிப்போகும் துண்டு
ஓட ஓடத் தோலுரிந்து ஆவியாகி
வெளிக்காற்று பட்டதும் பற்றிக்கொள்கிறது.
எரிவது மருந்து இல்லை. பீரங்கி.

உள்ளே இரண்டு தண்டவாளம், செம்புக் கலவை.
ஒன்றில் போகும் மின்சாரம் மற்றதில் திரும்பும்.
எதிரும் புதிருமாய் ஓடுவதால்
ஒன்றுக்கு மற்றதைக் கண்டாலே ஆகாது.
குண்டு பறப்பதும் அந்தத் தள்ளலில்தான்,
சுற்றிக் கட்டிய உறை விரிசல் விடுவதும்
அந்தத் தள்ளலில்தான்.
முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம் என்றது கடற்படை.
ஆயிரம் முறை சுட்டாலும் தேயக்கூடாது என்றது.
கொட்டகை நிறைய நிற்கும் மின்தேக்கிகளைக்
கப்பலின் ஓர் அறைக்குள் மடித்து வை என்றது.
குண்டுக்கு மூளை செய்கிற தாடியஸ்
ஒவ்வொரு முறையும் தன் சில்லைப்
பொடியாகத் திரும்ப வாங்கி
காபிக் கோப்பையில் சேர்த்து வைத்திருந்தான்.
கோப்பை பாதி நிறைந்திருந்தது.

கேமராவை நுழைக்கிறேன்.
முதல் ஒரு முழம் உருகிய பள்ளம்:
குண்டு இன்னும் சோம்பலாய் நகரும் இடம்,
மின்சாரம் அதிக நேரம் நின்று சுட்ட இடம்.
நடுவில் கண்ணீர்த்துளி வடிவில் குழிகள்.
வடிவத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.
வாய்க்கு அருகே பிடி தளர்ந்து
மின்பொறி கருக்கிய தடம்.
வெளியே எத்தனை பேர் கைதட்டினாலும்
வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும்.

மார்ச்சில் ஒரு நாள் கமாண்டர் பிராக்கன்
என் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றார்.
"ஒடெஸா, இந்தப் பூஜ்யம் புள்ளி நான்கை
அனுமதித்த அளவுக்குள் என்று எழுதலாமே?
வியாழக்கிழமை வாஷிங்டனில் கேட்பார்கள்."
அனுமதித்த அளவு பூஜ்யம் புள்ளி இரண்டு.
நல்ல மனிதர். என் கார் பனியில் சிக்கியபோது
சட்டை நனையத் தள்ளியவர்.
பூஜ்யம் புள்ளி நான்கு என்றே எழுதினேன்.
பேனா அழுந்தி அடுத்த தாளிலும் தெரிந்தது.

அதனால்தான் நிறுத்தினார்களா, யாரும் சொல்லவில்லை.
ஏவுகணைக்காரர்களுக்குப் பணம் போயிற்று என்றான் டெல்பர்ட்.
இதைச் சுமக்கிற கப்பலை யாருமே கட்டவில்லை
என்றான் தாடியஸ், கோப்பையைக் கவிழ்த்தபடி.
ஹோபார்ட்டுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது:
மூன்று வாரமாகத் தன்னை யாரும் தடுக்கவில்லை என்று
வானொலியில் புகார் மாதிரி சொன்னான்.

பீரங்கி இப்போது வேலியோரப் புல்லில்,
தார்ப்பாய்க்கு அடியில்.
கணக்கு முடிக்க ஒரு கடைசி ஆய்வு கேட்டார்கள்.
கேமரா ஒரு முழம் போவதற்குள் முட்டி நின்றது.
உருகிய பள்ளத்திலேயே
ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது.
நன்றாக ஒட்டியிருந்தது, விரிசல் இல்லை.
தேய்மானம் என்ற கட்டத்தில் என்ன எழுத?
பத்தொன்பது மில்லிமீட்டர் என்று எழுதினேன்,
முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டு.